‘வூட்டுக்கு வா’ நான் கொடுத்த சொல்

என் கண்ணு கொடிக்கு,

அப்பா பேசுகிறேன். எழுதுகிறேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். வேப்பூரில் ஜாகிர் கடையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவன் தட்டிக்கொண்டிருக்கிறான். உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்த அதே ஜாகிர்தான், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நான் பேசுவது ஒன்று, அவன் தட்டுவது ஒன்று. “அய்யா, இது ஊரு ஒலகம் பூரா படிக்கற எடம். பொஸ்தகத் தமிழ்ல இருந்தாத்தான் எல்லாருக்கும் புரியும்” என்கிறான். சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆனால் மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே போட வேண்டும், அதில் ஒரு எழுத்து மாறினாலும் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ செய்த வேலையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் வைத்தாயே, அந்தப் பக்கத்தில்தான் இந்தக் கடிதமும் தொங்கப் போகிறது. அதைத் தேடி வருகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இவள் என் ஒரே மகள் பூங்கொடி. எங்களுக்கு விருத்தாசலம். நான் பீங்கான் யூனிட்டில் சூளையில் சுடுவதற்கு, கரண்டுக்கு மாட்டும் ப்யூஸ் கட்டை அடுக்கியவன். பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்ததில்லை. இவள் படித்தாள். பகலில் இன்னொரு பீங்கான் யூனிட்டுக்கு பில் போட்டாள். ஓய்வு நாட்களில் நெல்லுக்கு மருந்தடிக்கும் ட்ரோனுக்கு மூளை செய்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ட்ரோன் பட்டு இறந்துபோனாள்.

ட்ரோன் பட்டனை அழுத்தியவள் அஞ்சலை. கம்மாபுரத்துப் பக்கம் மகளிர் குழுவில் இருப்பவள். கொன்றவள் என்று ஊர் அவளைச் சொல்கிறது. அது உண்மை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொடி, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதுதான் இப்போது தொந்தரவு.

நீ முதல் முதலாக அந்த லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டாய் என்று உன் அம்மா திட்டினாள். குழுவுக்கு நீயும் ஜாகிரும் சேர்ந்து ஒரு ட்ரோன் பூட்டிக் கொடுத்திருந்தீர்கள். ஓட்டுவதற்கு அஞ்சலை பழகியிருந்தாள். ஆனால் ரிமோட்டின் திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதைத் தமிழாக்க வேண்டுமென்றால் ட்ரோனுக்குள் இருக்கும் மூளையையே திரும்பச் செய்ய வேண்டும் என்றாய். ஃபர்ம்வேர் என்று அதற்கு ஒரு பேர் சொன்னாய்.

“அத யாரு செஞ்சு வெச்சிருக்காங்க?”

“ஒலகத்துல யார் யாரோ சேந்து எழுதியிருக்காங்கப்பா. சும்மாவே வெச்சிருக்காங்க. நாம எடுத்து, திருத்தி, திரும்ப அங்கியே போடலாம்.”

“தெறந்தே போட்டு வெச்சிருந்தா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட மாட்டான்?”

“தூக்கிட்டுப் போவட்டும்னுதாம்பா வெச்சிருக்கறதே.”

உன் லேப்டாப்பில் யூனிட்டின் பில் போடும் சாமான் இருந்தது, அதில் கை வைக்க முடியாது. ஃபர்ம்வேர் செய்வதற்கோ வேறு மாதிரி கம்ப்யூட்டர் வேண்டும். இன்னொன்று வாங்க வழியில்லை. அதனால் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி வைத்திருந்தாய். வர்ச்சுவல் மிஷின். “நெசமா அப்படி ஒண்ணு கெடையாதுப்பா. ஆனா அது தன்ன நெசம்னு நெனச்சுக்கிட்டு ஓடும்” என்றாய். எனக்கு அந்த ஒரு வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. யூனிட்டில் எங்கள் மேஸ்திரி ஒருத்தர் அப்படித்தான் இருந்தார்.

அந்த உள் கம்ப்யூட்டரில் நீ வேலையை ஓட விடுவாய். கறுப்புத் திரையில் எழுத்து மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். பாதியில் நின்றுவிடும். நின்ற இடத்தை என்னைக் கேட்பாய்.

“எப்பா, போன வாரம் நூத்துக்கு எத்தினியில நின்னுச்சுன்னு சொன்னேன்?”

“எழுவத்தி மூணு. அதுக்கு முந்தின வாரம் அறுவது. அன்னைக்கு காப்பிய கொட்டிட்ட.”

“காப்பிய கேட்டனா ஒன்ன?”

“கேக்கலதான். கூடவே வருது, என்ன பண்றது?”

“பேசாம ஒன்னையே ஹார்டு டிஸ்க்கா கழட்டி மாட்டிடறேன். இத விட நீ தேவலாம்.”

நின்ற ஒவ்வொரு தடவையும் கடைசி வரியைச் சத்தமாகப் படிப்பாய். அதில் ‘கில்டு’ என்று ஒரு வார்த்தை வரும். என்ன அது என்றேன். உள்ளே இருக்கும் மிஷினுக்குக் கொஞ்ச இடம்தான் கொடுத்திருக்கிறது, அது பத்தாமல் போனால், ஓடிக்கொண்டிருப்பதை மிஷினே கொன்றுவிடும் என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். பிறகு நான்கு வேலையை ஒரே நேரத்தில் ஓட விடாமல் ஒவ்வொன்றாக ஓட விட்டாய். மத்தியானம் தொடங்கியது பொழுது சாய்கிற வரைக்கும் ஓடி முழுசாக முடிந்தது. அன்றைக்கு நீ எழுந்து நின்று கை தட்டினாய். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, “என்னாடி, நல்ல வேலை கெடச்சிடுச்சா?” என்றாள்.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டம். ஜாகிர், தண்ணி குடித்துவிட்டுச் சொல்கிறேன், இரு.

திரையில் வரும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் போட்டுக்கொண்டு வந்தாய். ‘மருந்து தீரப் போகுது’, ‘பாட்டரி கம்மி’, ‘காத்து ஜாஸ்தி’. எல்லாம் நாம் பேசுகிற மாதிரியே. ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டாய்.

“எப்பா, இதுக்கு நம்ம பேச்சுல என்ன சொல்லுவ? இங்கிலீஷ்ல ஹோம்னு போட்டிருக்குது. ட்ரோனு எந்த எடத்துலேர்ந்து கெளம்புச்சோ அந்த எடம். பட்டன அழுத்தினா அங்க திரும்பி வந்து தானே எறங்கிடும்.”

“ஹோம்னா வூடுதான?”

“வூடுதான். ஆனா இங்க...”

“அப்ப வூட்டுக்கு வான்னு போடு. ஆடு மாட்டுக்கே புரியும், அஞ்சலைக்குப் புரியாதா?”

நீ யோசித்தாய். அந்த யோசனையை நான் பார்த்தேன், கொடி. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாய். “கெளம்பின எடத்துக்குத் திரும்புன்னு போட்டுப் பாத்தேன், பாதியில வெட்டிடுது” என்றாய். இங்கிலீஷ் எழுத்து ஒன்று ஒரு இடம் எடுத்துக்கொள்ளுமாம். நம் எழுத்து ஒன்று மூன்று இடமாம், கால் கொம்பு போட்டது ஆறு இடமாம். “ஏன், நம்ம எழுத்து மட்டும் அவ்ளோ குண்டா?” என்று நான் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துவிட்டு ‘வூட்டுக்கு வா’ என்றே தட்டினாய். கச்சிதமாக உட்கார்ந்தது.

உள் கம்ப்யூட்டரிலேயே ஒரு வயலும் ஒரு ட்ரோனும் வைத்துச் சரி பார்த்தாய். நிஜமாகப் பறக்க விடுவதற்கு முன்னால் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றாய். சின்னப் புள்ளி ஒன்று கிளம்பிச் சுற்றியது. நீ பட்டனை அழுத்தினாய். புள்ளி அலுங்காமல் திரும்பி வந்து கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்தது. பத்துத் தடவை பார்த்தாய், பத்துத் தடவையும் சரி. அந்த வயலில் ஆள் யாரும் இல்லை. வரப்பு இல்லை. வூடு கூட இல்லை, கொடி. இருந்திருந்தால் நமக்குத் தட்டுப்பட்டிருக்குமோ?

அன்றைக்கு நீ காலையிலேயே கிளம்பினாய். ட்ரோன் எப்படிப் போய் வந்தது என்பது பின்னால் அஞ்சலை சொல்லித் தெரிந்தது. சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது, புகையான் பூச்சி விழுந்திருந்தது. அஞ்சலை வீட்டுக் களத்திலிருந்து முதல் தடவை ட்ரோனைக் கிளப்பினீர்கள். திரும்பக் கூப்பிட்டபோது அது களத்தில்தான் வந்து இறங்கியது. பட்டன் சொன்னபடியே வூட்டுக்கு வந்துவிட்டது. அஞ்சலை அதைப் பார்த்தாள். நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை கடைசித் துண்டுக்கு அடிக்க வேண்டியிருந்தது. அது வீட்டிலிருந்து தூரம். அதனால் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் வரப்பில் வைத்து அங்கிருந்து கிளப்பினீர்கள். கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ட்ரோனுக்கு அதன் வூடு மாறிவிடும் என்பது உனக்குத் தெரியும். அஞ்சலைக்கு எப்படித் தெரியும்? நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், ஒரு தடவை வூடு மாறியதற்கே இன்னும் அழுதுகொண்டிருக்கிற ஊர் அது. ஒரே காலையில் ஒன்றுக்கு இரண்டு தடவை வூடு மாறும் என்று அவர்களில் யாருக்குத் தோன்றும்?

அவள் ரிமோட்டோடு வீட்டுப் பக்கம் நடந்து வந்தாள், அங்கிருந்து பார்த்தால்தான் முழுத் துண்டும் தெரியும் என்று. நீ வரப்பில், ட்ரோன் கிளம்பிய அதே இடத்தில், குனிந்து அடுத்த டேங்குக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காற்று தூக்கியது. திரையில் ‘பாட்டரி கம்மி’ என்று வந்தது. அஞ்சலை உன்னைப் பார்த்தாள். அது உன் பக்கம் போகக் கூடாது என்று நினைத்தாள். உன்னை விட்டுத் தள்ளி, தன் வீட்டுக் களத்துக்கு வரட்டும் என்று ‘வூட்டுக்கு வா’வை அழுத்தினாள்.

இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. உன் கழுத்தில்தான் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். இதற்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் அஞ்சலையை விசாரித்தபோது நான் மூன்றடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் புடவையெல்லாம் உன் ரத்தம். அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“வூட்டுக்கு வான்னுதான் அழுத்தினேன் சார். வூட்டுக்குத்தான் வரும்னு நெனச்சேன்.”

“என்னாம்மா ஒளர்ற? ட்ரோனுக்கு ஏது வூடு?”

“வூட்டுக்கு வான்னுதான் சார் போட்டிருந்துச்சு.”

“அழுத்தினது நீதான?”

“நான்தான் சார்.”

“அவ்ளோதான் வேணும்” என்று அவர் எழுதிக்கொண்டார். அங்கிருந்த யாருக்கும் அவள் சொன்னது புரியவில்லை. பித்துப் பிடித்துப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. முதல் தடவை அவள் சொன்னபோதே புரிந்தது. எழுந்து நின்று, “அந்த வார்த்த நான் குடுத்ததுய்யா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. துக்கத்தில் வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பயத்தில் வரவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அஞ்சலை வந்தாள். பந்தலுக்கு வெளியே, செருப்பு கழற்றிப் போடுகிற இடத்தில் நின்றாள். உன் மாமன் பார்த்துவிட்டான். “கொன்னவ வந்து நிக்கறா பாரு, கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்குதா? எத வாரிக்கிட்டுப் போவ வந்தா?” என்று கத்தினான். உன் அம்மா ஒரு பிடி மண்ணை அள்ளி அவள் மேல் எறிந்தாள். அஞ்சலை துடைத்துக்கொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அவள் கடைக்குப் போனால் எதிரே வருகிற பொம்பளைகள் தெருவை மாற்றிக்கொண்டு போகிறார்களாம். எல்லாம் என் காதுக்கு வந்தது. காதுக்கு வந்தது ஒன்றும் என்னை விட்டுப் போகாது என்பதுதான் உனக்குத் தெரியுமே.

பொங்கல் கழிந்து ஜாகிர் போன் பண்ணினான்.

“அய்யா, கொடி செஞ்ச அந்தத் தமிழ் ஃபர்ம்வேர வேற ஊருங்கள்லயும் எடுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தர் அந்தப் பக்கத்துல கேள்வி கேட்டிருக்காரு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.”

“என்னா கேட்டிருக்காரு?”

“வூட்டுக்கு வான்னு ஒரு பட்டன் இருக்குதே, அதுக்கு எங்க வூட்டு அட்ரஸ எங்க குடுக்கணும்னு கேக்கறாரு.”

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம். ஆனால் அவரும் அஞ்சலை நினைத்த மாதிரியேதான் நினைத்திருக்கிறார். நவரைப் பட்டத்துக்கு எல்லோரும் மருந்தடிக்கப் போகிற நேரம். உன் லேப்டாப்பை மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேப்பூர் பஸ் ஏறினேன்.

உன் பாஸ்வேர்டை நீ தட்டும்போது வாய்க்குள் முணுமுணுப்பாய். அதை அப்படியே சொன்னேன், லேப்டாப் திறந்துகொண்டது. ஜாகிர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு அந்த உள் கம்ப்யூட்டரைத் தேடி எடுத்தான்.

“அய்யா, இத அவ மூடல. நிறுத்தி வெச்சிருக்கா. எழுப்பினா விட்ட எடத்துலேர்ந்து ஓடும். எழுப்பட்டுமா?”

எழுப்பு என்றேன். திரை வந்தது. அன்றைக்குக் காலையில் கிளம்பும் அவசரத்தில், ஓடிக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தாய். எழுத்து மேலே மேலே போக ஆரம்பித்தது. ஜாகிர் திரையின் மூலையைக் காட்டினான். அங்கே இருந்த தேதி நீ போன நாள். நேரம் நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்குச் சற்று முன். அந்த மிஷினுக்குள் இன்னும் அந்தக் காலைதான் நடந்துகொண்டிருந்தது, கொடி. நீ செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா இட்லியைக் கட்டிக் கொடுக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. இப்படியே நிறுத்திவைக்க முடியுமா என்று அவனிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மூலையில் இருந்த தேதி ஒரு தடவை அசைந்து, இன்றைய தேதிக்குத் தாவிவிட்டது. “வெளியில இருக்கற மணிய பாத்து அதுவே சரி பண்ணிக்கும்யா” என்றான். மூன்று மாதம் கண் முன்னால் போயிற்று. நீ தொடங்கிய வேலை நீ இல்லாமலே ஓடி முடிந்தது.

பிறகு ஜாகிர் நீ ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் நிறுத்தினான்.

“படிக்கட்டுமா வேணாமான்னு தெரியல.”

“படி.”

“வூட்டுக்கு வா. இந்தச் சொல் எங்கப்பா கொடுத்தது. பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.”

எல்லோரும் பார்க்கிற இடத்தில் என்னைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறாய். நான் மறைத்தது முதல் நாளிலிருந்தே அங்கே திறந்துதான் கிடந்திருக்கிறது. படிக்க யாரும் போகவில்லை, அவ்வளவுதான். ஜாகிர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். வாடிக்கைக்காரர்கள் பார்க்க வேண்டாம் என்று.

மறுநாள் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தை யாருடையது, ஏன் அதைப் போட்டோம், ட்ரோனுக்கு வூடு எப்படி மாறும், எல்லாம். சொல்லி முடித்ததும் கதவு திறந்தது.

“ஆஸ்பத்திரியிலயே தெரியுமா பெரியப்பா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“நான் மண்ணோட நின்னப்போ?”

“தெரியும்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்விட்டாள். போய்விட்டாள் என்று நினைத்துத் திரும்பினேன். ஒரு சொம்பில் தண்ணியோடு வந்தாள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

“வேற வார்த்த போடணும் அஞ்சல. சின்னதா இருக்கணுமாம். நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

“ஏறுன எடம்” என்றாள், யோசிக்கவே இல்லை. “ஏறுன எடம்னா எதுன்னு பஸ்ஸுல போறவங்களுக்குக் கூட தெரியும். மூணு மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டு கெடக்கறேன். அப்படிப் போட்டிருந்தா நான் அழுத்தியிருக்கவே மாட்டேனே பெரியப்பா.”

எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உண்மையை எழுதிப் போடப் போகிறேன், உன் மேல் தப்பு இல்லை என்று எழுதப் போகிறேன் என்றேன்.

“எழுதுங்க. ஆனா அழுத்தினது நான்னும் எழுதுங்க. அத மட்டும் எடுத்துடாதீங்க. அத எடுத்துட்டா நான் அங்க இல்லவே இல்லன்னு ஆயிடும்.”

எழுதிவிட்டேன், கொடி. அழுத்தியது அஞ்சலை. சொல் கொடுத்தது நான். அதைத் தட்டியது நீ. யாரையும் விட்டுவிடவில்லை.

உன் அம்மாவிடம் சொன்னபோதுதான் வீடே கிடுகிடுத்தது.

“ஏன்யா, செத்துப் போன புள்ள மேலயே பழிய தூக்கிப் போடறியா? தப்பு அவ செஞ்ச வேலையிலன்னு ஊரு பேசாதா?”

“வார்த்த என்னுதுடி.”

“தட்டினது அவ இல்ல? ஒலகம் பூரா படிக்கற எடத்துல எழுதி வெப்பியாம். அவ பேரு கெடறதுக்கு எவளோ ஒருத்தி பேரு கெடட்டும், போ.”

“நாளைக்கு வேற ஊர்ல இன்னொருத்தன் புள்ள வரப்புல குனிஞ்சுக்கிட்டு இருக்கும் ராசாத்தி.”

நேற்று முழுக்கச் சோறு போட்டாள், பேசவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உன் வேலையில் பிழை இருந்தது என்று உலகத்துக்குச் சொல்லப் போவது உன் அப்பன்தான். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? திருத்திப் போடுப்பா என்றிருப்பாய் என்று நினைக்கிறேன். ஆனால் செத்தவர்கள் வாயில் நமக்குத் தோதான வார்த்தையை வைப்பது சுலபம். எனக்கு அந்த உரிமை போய்விட்டது.

ஜாகிர் புதுச் சொல்லைப் போட்டு, உன் உள் கம்ப்யூட்டரிலேயே மறுபடி ஓட விட்டிருக்கிறான். இப்போது நான் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதை எடுத்தவர்கள் எல்லோரும் தயவு செய்து அதை அழித்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ட்ரோன் கிளம்பிய இடத்தில் யாரும் நிற்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை கம்மாபுரத்தில் குழுக் கூட்டம். பொம்பளைகள் கூட்டம், ஆம்பளை உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்றாவது எல்லாப் பேருக்கும் கேட்கும்படி சொல்லப் போகிறேன் என்று இன்று காலையில் கிளம்பும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. நான் தெருவில் இறங்கிய பிறகு பின்னாலேயே வந்தாள், கையெல்லாம் சாம்பல்.

“வெள்ளிக்கெழம நானும் வரேன்.”

“சண்ட போடவா?”

“இல்ல. அவகிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மருந்து கலக்கும்போது எம்பொண்ணு என்னா பேசிக்கிட்டு இருந்தா, இட்லிய சாப்பிட்டாளா, சிரிச்சுக்கிட்டு இருந்தாளான்னு கேக்கணும். கூட இருந்தது அவ ஒருத்திதான?”

கொடி, எனக்கு அது தோன்றவே இல்லை. உன் கடைசிக் காலை முழுவதும் அஞ்சலையிடம் இருக்கிறது. அவளை விரட்டியபோது அதையும் சேர்த்து விரட்டிவிட்டோம். மூன்று மாதமாக ஒருத்தர் கூட அவளை அதைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் நான் வாசலில் நின்று பேசுவேன். பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசட்டும், நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். அஞ்சலை சொல்ல மாட்டேன் என்றால் அதுவும் அவள் இஷ்டம். அடுத்த வாரமும் போவோம். இனி எவன் அவளைப் பற்றி என் எதிரில் பேசினாலும் நான் தலையைக் குனிய மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கைநாட்டு வைக்க அந்தப் பக்கத்தில் இடம் கிடையாதாம். நான் யார் என்று சொன்னால் போதும் என்கிறான் ஜாகிர்.

உனக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்த,

உன் அப்பன்.